நாலு மணி இருபது நிமிடம்: கோத்தகிரி இறக்கத்தில் தப்பிய ஒரு லாரி

அன்றைய டிரிப் ஷீட்டில் "ஓட்டிய நேரம்" என்ற கட்டத்தில் 4 மணி 20 நிமிடம் என்று இருந்தது. எழுதியது நான்தான். மேட்டுப்பாளையத்தில் ஒரு மொத்த விநியோகக் குடோனில் டிஸ்பாட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த லாரி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை கடை, எத்தனை பெட்டி, எப்போது திரும்பியது என்று எழுதுவது என் வேலை. அந்த நாலு மணி இருபது நிமிடத்தை ஓட்டிய மனிதர், 2024 ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை சாயங்காலம் ஆறு நாற்பதுக்கு, அரவேணுவைத் தாண்டிக் கீழே, பிரேக் பிடிக்காத லாரியை மலைப்பக்க மண்ணில் உரசி உரசி நிறுத்தினார். உயிருக்கு ஒன்றும் இல்லை. இடது தோள்பட்டை மூட்டு நழுவிவிட்டது, வண்டியின் இடதுபக்கம் முழுக்கக் கிழிந்துபோனது, கேரட் மூட்டைகளில் பாதி ரோட்டில் கிடந்தன. "நாலு மணி நேரம் ஓட்டினவருக்கு என்ன அசதி?" என்று விசாரணையில் கேட்டார்கள். தாளை மட்டும் பார்த்தால் கேள்வி நியாயமாகத்தான் தெரியும்.

அந்தத் தாளில் இல்லாததைச் சேர்த்து எழுதுவதுதான் இந்த ஆய்வு. கையில் இருந்தவை நான்கு: அவர் சட்டைப்பையில் வைத்திருக்கும் சின்ன நோட்டு, எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் செய்திகள் விழுந்த நேரம், விபத்துக்குப் பிறகு லோடை வேறு வண்டிக்கு மாற்றி எடைமேடையில் போட்ட சீட்டு, அப்புறம் நான் எழுதிய ஷீட்டுகள். பெயர்கள் எதுவும் இல்லை. அவரை நாங்கள் எல்லோரும் டிரைவரண்ணன் என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். கம்பெனிப் பெயரும் வேண்டாம், டிரைவரே நேரத்தைத் தேர்ந்தெடுத்து டிரிப் கணக்கில் காசு வாங்கும் இந்த ஏற்பாடு இன்றைக்கு மலையடிவாரத்தில் பல குடோன்களில் இருக்கிறது.

ஆளும் பாதையும்

டிரைவரண்ணனுக்கு அப்போது வயது 46. இருபத்திரண்டு வருடம் மலைப்பாதையில் லாரி. வீடு அரவேணுப் பக்கம் ஒரு கிராமத்தில். கூடவே அரை ஏக்கர் தேயிலை. நீலகிரியில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கிற சிறு விவசாயிகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பசுந்தேயிலைக்கு மாதாமாதம் தேயிலை வாரியம் அறிவிக்கும் விலையில் ஆள் வைத்துக் கிள்ளினால் கூலிக்கே சரியாகப் போய்விடும் என்பதால், அவரும் அவர் மனைவியுமாகத்தான் கிள்ளுவார்கள். கொழுந்து பன்னிரண்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை தயாராகும், தள்ளிப்போட்டால் முற்றி கரட்டு இலையாகிவிடும். இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், "உங்களுக்கு வசதியான நேரத்தில் வேலை" என்று கம்பெனி சொன்னபோது அவர் காதில் விழுந்தது "இலை நாளில் வீட்டில் இருக்கலாம்" என்பதுதான்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறக்குறைய 33 கிலோமீட்டர். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து முந்நூற்றுச் சொச்சம் மீட்டர், கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800. குன்னூர்ப் பாதை மாதிரி பதினாலு கொண்டை ஊசி வளைவு என்று பலகை வைத்து எண்ணுகிற பாதை இல்லை இது, ஆனால் இறக்கம் விடாமல் இழுக்கும், அகலம் குறைவு, மழைக்காலத்தில் பனிமூட்டம் அரவேணுவிலேயே ரோட்டில் படுத்துக்கொள்ளும். கோடை சீசனில் குன்னூர் வழியாக ஏறு, கோத்தகிரி வழியாக இறங்கு என்று ஒருவழியாக்கிவிடுவதால் ஊட்டிக்குப் போன கார் எல்லாம் இந்த வழியாகத்தான் கீழே வரும். 2024 மே 7 முதல் இ-பாஸ் வேறு வந்தது, குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் சுற்றுலா வண்டிகளின் வரிசையில் நாங்களும் நசுங்கிக்கொண்டு நிற்போம். மழை தொடங்கினால் கூட்டம் குறையும், பலாப்பழம் பழுக்கும், யானை வரும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குஞ்சப்பனை, மாமரம், முள்ளூர்ப் பக்கம் யானை ரோட்டில் நின்றால் ஆரன் அடிக்காமல் எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர வழியில்லை. அரை மணியும் ஆகும், ஒன்றரை மணியும் ஆகும்.

வசதியான நேரம் வந்த கதை

2024 மார்ச் வரை மாதச் சம்பளம், பதினெட்டாயிரம். காலை ஆறுக்கு வரவேண்டும், முடியும்போது போகலாம், ஞாயிறு லீவு. ஆளுக்கொரு வண்டி, வண்டிக்கொரு கிளீனர். ஏப்ரலில் மாற்றினார்கள். நாலு லாரி, ஒன்பது டிரைவர். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு மறுநாள் ரூட்டை நான் குரூப்பில் போடுவேன்: விடியக்காலை நாலு மணி, காலை எட்டு, மதியம் ஒன்று, இரவு எட்டு. வேண்டியவர் தன் நம்பரைப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். டிரிப்புக்கு 850 ரூபாய், ஒவ்வொரு கடைக்கும் 35, கீழே வரும்போது ரிட்டர்ன் லோடு கொண்டுவந்தால் 500. யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. கிளீனர்கள் நிறுத்தப்பட்டார்கள், காரணம் கேட்டதற்கு "அதான் வண்டியில ஜிபிஎஸ் இருக்குதுல்ல" என்றார் மேனேஜர். ஜிபிஎஸ் எப்போது இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை போடும் என்று அன்றைக்கே யாராவது கேட்டிருக்க வேண்டும். நானும் கேட்கவில்லை.

முதல் இரண்டு மாதம் எல்லோருக்கும் பிடித்திருந்தது, இதை மறைக்க விரும்பவில்லை. சீசன், லோடு கொட்டியது. டிரைவரண்ணன் மே மாதம் 26,000-க்கு மேல் எடுத்தார், இலை நாளில் இரண்டு தடவை வீட்டில் இருந்தார். இனிப்பு வாங்கிவந்து குடோனில் எல்லோருக்கும் கொடுத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஜூலையில் மழை, கடைகளில் ஆர்டர் குறைந்தது, ஒன்பது பேருக்கு ரூட் போதவில்லை. அப்போதுதான் குரூப்பில் யாரும் அறிவிக்காத ஒரு விதி இருப்பது தெரிந்தது. நாலு மணி ரூட்டை மூன்று முறை வேண்டாம் என்று விட்டவருக்கு, காலை எட்டு மணி ரூட் வரும்போது "அவருக்குக் கொடுங்க, அவர்தான் எப்பவும் வர்றார்" என்று மேலிருந்து போன் வரும். எழுதப்பட்ட விதி கிடையாது, ஆனால் ஒன்பது பேருக்கும் தெரியும். அதற்குப் பிறகு நாலு மணி ரூட்டைப் போட்ட அடுத்த நிமிடம் நம்பர் விழ ஆரம்பித்தது. மேனேஜர் அதைப் பார்த்து "பாருங்க, அவங்களே விரும்பி எடுக்கறாங்க" என்பார். நானும் அதை அப்படியே நம்பினேன் என்று சொன்னால் பொய், நம்பாத மாதிரி நடந்துகொள்ளவும் இல்லை.

டிரைவரண்ணனுக்கு இதில் இன்னொரு சிக்கல். வீடு மேலே, லாரி கீழே. விடியக்காலை நாலு மணிக்குக் குடோனில் நிற்க வேண்டுமென்றால் எந்த பஸ்ஸும் உதவாது, முந்தின நாள் ராத்திரியே இறங்கி வந்து கேபினில் படுக்க வேண்டும். அரவேணுக் குளிரில் பழகிய உடம்பு, மேட்டுப்பாளையத்துப் புழுக்கத்தில், கொசுவில், பக்கத்தில் வேறு லாரிக்குப் பெட்டி ஏற்றுகிற சத்தத்தில் எவ்வளவு தூங்கும்? அவர் நோட்டில் ஜூலை மாதம் மட்டும் பதினோரு இரவுகளுக்கு "கேபின்" என்று இருக்கிறது. என் ஷீட்டில் அந்தப் பதினோரு இரவுகள் கிடையாது. நாலு மணிக்கு வேலை தொடங்கியது என்றுதான் இருக்கும்.

அந்தப் புதன்கிழமை

முந்தின நாள் செவ்வாய் மதிய ரூட்டை எடுத்திருந்தார். கடைசிக் கடைக்காரர் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டதால் காத்திருந்து இறக்கிவிட்டு, இரவு பத்தரைக்குக் குடோனுக்கு வந்தார். நாலு மணி ரூட்டும் அவர் பேரில் இருந்தது. சாப்பிட்டுப் படுத்தபோது பதினொன்றரை. மூன்றேகாலுக்கு ஏற்றுக்கூலிப் பையன்கள் வந்து கேபின் கதவைத் தட்டினார்கள். ஆகத் தூக்கம் மூன்றே முக்கால் மணி நேரம்.

நாலு பத்துக்குக் கிளம்பினார், சோப்பு, பிஸ்கட், எண்ணெய், நாப்கின் என்று நிறைய லோடு. மாமரம் பக்கத்தில் ஒரு தாய் யானையும் குட்டியும். ஒரு மணி நேரம் போனது. கோத்தகிரி மார்க்கெட்டை அடைந்தபோது ஆறு நாற்பது. கடைகள் திறக்க ஒன்பதாகும், அது எல்லோருக்கும் தெரியும், அப்புறம் எதற்கு நாலு மணிக்கு அனுப்பினோம் என்றால், எட்டு மணிக்குப் பிறகு ஸ்கூல் வண்டிகளும் பஸ்களும் வந்துவிட்டால் கடைத்தெருவில் லாரியை நுழைத்து நிறுத்த இடம் கிடைக்காது. அதாவது அந்த ரெண்டரை மணி நேரம் அவர் இடம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், துண்டு போட்டு சீட் பிடிக்கிற மாதிரி, துண்டுக்குப் பதில் ஒரு மனிதர். தூங்கலாமே என்று மேனேஜர் கேட்டார். ரோட்டோரம் நிற்கும் வண்டியை யாராவது பின்னால் எடு, முன்னால் எடு என்று பதினைந்து நிமிடத்துக்கொருமுறை தட்டிக்கொண்டே இருப்பார்கள். தூங்கினார் என்றால் கோழித்தூக்கம்.

ஒன்பதேகாலிலிருந்து ஒன்று நாற்பது வரை இறக்குக்கூலி ஆட்களோடு சேர்ந்து கோத்தகிரியிலும் கட்டபெட்டிலும் கடைகடையாக இறக்கினார். பில் சரிபார்ப்பது, உடைந்த பாக்கெட்டுக்குத் தகராறு, பழைய பாக்கி வசூல் எல்லாம் கிளீனர் இல்லாததால் அவர்தான். ரெண்டு மணிக்குப் புரோக்கரிடமிருந்து போன், நெடுகுளாவில் கேரட் இருக்கிறது, இரவுக்குள் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்க வேண்டும். 500 ரூபாய். போனார். கேரட் கழுவும் இடத்தில் முன்னால் இரண்டு வண்டி. கழுவி, மூட்டை பிடித்து, ஏற்றித் தார்ப்பாய் கட்டி முடிய ஐந்தே முக்கால். ஆறு மணிக்குக் கிளம்பினார். மதியம் சாப்பிட்டது இரண்டு பன்னும் டீயும்.

ஆறு நாற்பதுக்குள் அவர் விழித்து பதினைந்தரை மணி நேரம் ஆகியிருந்தது. பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும் ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று தூக்கம் பற்றிய ஆய்வுகளில் அளந்திருக்கிறார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03. இவர் பதினேழு மணியைத் தொடவில்லைதான், ஆனால் முந்தின ராத்திரிக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாயை ஊதச் சொல்லிச் சோதிக்கும் கருவியில் இது எதுவும் காட்டாது.

இறக்கத்தில் நடந்தது

"ஏறின கியர்லயே இறங்கு" என்பது மலை டிரைவர்களின் பாலபாடம். ரெண்டாவது கியரில் ஏறிய இடத்தை ரெண்டாவது கியரில்தான் இறங்க வேண்டும், வண்டியைப் பிடித்து நிறுத்துவது எஞ்சின், பிரேக் அதற்குத் துணை. ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. வண்டியும் லோடும் சேர்ந்து எட்டு டன் என்று வையுங்கள், 1,450 மீட்டர் இறங்கினால் வெளியேற வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 32 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். தமிழ்நாட்டில் அப்போது வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைத்த 100 யூனிட்டில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு, ஒன்றரை மணி நேரத்துக்குள். எஞ்சின், டயர், காற்று இவை எடுத்துக்கொள்ளாத மிச்சம் எல்லாம் பிரேக் டிரம்மில் சூடாகத்தான் இறங்கும். சூடு ஏற ஏற, டிரம்மை உரசிப் பிடிக்கும் லைனர் பிடிப்பை இழக்கும், டிரம் விரிந்து லைனரை விட்டு விலகும், காலை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி கேட்காது.

டிரைவரண்ணனுக்கு இது எதுவும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அன்றைக்கு மூன்றாவது கியரில் இறங்கினார். அவரே சொன்னது: "ரெண்டுல போட்டா வண்டி கத்தும், கத்தினா தூக்கம் தெளியும், தெளியாம இருந்திருக்கேன் தம்பி. மூணுலயே விட்டுட்டேன், அதுகூட அப்ப தோணலை." முன்னால் ஒரு பஸ் பனிமூட்டத்தில் விட்டு விட்டு பிரேக் போட்டுப் போக, இவரும் பின்னாலேயே பிரேக்கில் கால் வைத்தபடி போயிருக்கிறார். லைனர் கருகும் வாசனை வந்தது, பஸ்ஸிலிருந்து வருகிறது என்று நினைத்தார். பஸ் ஒரு நிறுத்தத்தில் ஒதுங்கியது. வாசனை ஒதுங்கவில்லை.

பெடல் பிடிப்பில்லாமல் போனதும் ரெண்டாவது கியருக்கு மாற்றப் பார்த்தார். வேகத்தில் கியர் விழவில்லை, நியூட்ரலில் நின்றுவிட்டது. மலையில் லோடு லாரி நியூட்ரலில் நிற்பது எப்படி என்று ஓட்டியவர்களைக் கேளுங்கள், வண்டி ஒரு மூச்சு விட்டுவிட்டு ஓட ஆரம்பிக்கும். ஹேண்ட் பிரேக் இழுத்தார், அதுவும் அதே சூடான டிரம்தானே. எதிரே மேலே வந்த ஜீப்புக்கு லைட்டைப் போட்டுப் போட்டுக் காட்டினார். அப்புறம் ஸ்டியரிங்கை இடது பக்கம் உடைத்து, சக்கரங்களைச் சாக்கடையில் இறக்கி, வண்டி உடம்பை மலைமண்ணில் தேய்த்தார். கண்ணாடி, கதவு, பாடித் தகரம் எல்லாம் போனது, நாற்பது ஐம்பது மீட்டர் தேய்ந்து ஒரு பாறையில் முட்டி நின்றது. நின்ற பிறகும் நழுவப் பார்க்க, ஒற்றைக் கையோடு இறங்கிக் கல்லைப் புரட்டிச் சக்கரத்துக்குப் போட்டார். இருபத்திரண்டு வருட அனுபவம் மூன்றாவது கியரைத் தடுக்கவில்லை, ஆனால் அந்தக் கடைசி இருபது வினாடியில் வலது பக்கம் பள்ளத்துக்குப் போகாமல் காப்பாற்றியதும் அதே அனுபவம்தான்.

ஜீப்காரர்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48 திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கவில்லை. அதற்குப் பிறகான ஆறு வாரம் வேலையில்லாமல் கிடந்ததற்கு யாரும் எதுவும் தரவில்லை.

வண்டி யாருடையது

கம்பெனி விசாரணை ஒரே வரியில் முடிந்தது: டிரைவர் தவறான கியரில் இறங்கினார். உண்மைதான். ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிந்தது அதற்குப் பிறகு மெக்கானிக் சொன்னது. பின்பக்க இடது சக்கரத்தில் லைனர் தேய்ந்து ரிவெட் தெரிந்தது, வலது பக்கம் பிரேக் லூஸாக இருந்தது. ஒரு நாளில் வந்த தேய்மானம் இல்லை அது.

பழைய ஏற்பாட்டில் ஆளுக்கொரு வண்டி. டிரைவரண்ணன் தன் வண்டியை எப்படி வைத்திருந்தார் என்று நான் பார்த்திருக்கிறேன், சனிக்கிழமை சாயங்காலம் அடியில் படுத்து பிரேக் டைட் வைக்காமல் வீட்டுக்குப் போகமாட்டார், டயரில் கல் சிக்கியிருந்தால் குச்சியால் நோண்டி எடுப்பார், கேபினில் முருகன் படத்துக்குக் கீழே எப்போது கிரீஸ் அடித்தது, எப்போது லைனர் மாற்றியது என்று சாக்பீஸில் தேதி எழுதியிருப்பார். ஏப்ரலுக்குப் பிறகு வண்டி யாருடையதும் இல்லை. விடியக்காலை ஒருவர், மதியம் ஒருவர், ராத்திரி ஒருவர். பிரேக் கொஞ்சம் இறங்கினால் எல்லோருக்கும் தெரியும், "அடுத்து எடுக்கிறவர் சொல்லுவார்" என்று எல்லோரும் நினைப்பார்கள். சொன்னால் வண்டி மெக்கானிக் செட்டுக்குப் போகும், அன்றைய டிரிப் போகும், 850 ரூபாய் போகும். மாதச் சம்பளக்காரருக்கு வண்டி செட்டில் நின்றால் ஓய்வு, டிரிப் கணக்கில் ஓட்டுபவருக்கு அது பட்டினி. அந்த லாரியை விபத்துக்கு முந்தைய பதினைந்து நாளில் ஆறு பேர் ஓட்டியிருந்தார்கள். நேரத்தை இஷ்டப்படி மாற்றிக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டைப் பற்றிப் பேசும்போது ஆட்களின் தூக்கத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். வண்டிக்கு வீட்டுக்காரர் இல்லாமல் போவதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை, என் பார்வையில் இந்த நிகழ்வில் அதுதான் பாதிக் காரணம்.

ரிட்டர்ன் லோடு இன்னொன்று. மேலே நிறை லோடு, கீழே காலி என்பது மளிகை லாரிகளின் பழைய வழக்கம், காலி வண்டி இறங்கும்போது பிரேக்குக்குப் பெரிய வேலை இல்லை. 500 ரூபாய் அதைத் தலைகீழாக்கியது. அதுவும் கழுவிய கேரட் ஈரத்தோடு மூட்டையாகும்போது, தோட்டத்தில் சொன்ன எடை ஒன்று, மேடையில் ஏறும் எடை ஒன்று. சீட்டில் 4,580 கிலோ. வண்டியின் அனுமதி நாலு டன். நாள் முழுக்க வேலை செய்து களைத்த பிறகு, இருட்டும் நேரத்தில், மிகக் கனமான லோடோடு மிக ஆபத்தான திசையில் இறங்குவது என்று யாராவது திட்டம் போட்டுச் செய்திருந்தால்கூட இவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்காது.

சட்டம் என்ன சொன்னது

அந்தச் சமயத்தில் நடைமுறையில் இருந்தது 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் (2025 நவம்பர் 21 முதல் அது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது). ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குப் பொருந்தும். நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி. வேலை தொடங்கியதிலிருந்து முடிவது வரை, நடுவில் ஓய்வு இருந்தாலும் சரி, மொத்தம் பன்னிரண்டு மணியைத் தாண்டக் கூடாது. ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்குவதற்குள் தொடர்ச்சியாக ஒன்பது மணி நேர ஓய்வு. லோடு ஏற்றுவதும் இறக்குவதும் வேலை நேரம்தான். இந்த அளவுகோலை அந்தப் புதனுக்கு வைத்துப் பாருங்கள்: செவ்வாய் இரவு பத்தரைக்கும் புதன் விடியல் மூன்றேகாலுக்கும் நடுவில் ஐந்து மணி நேரம்கூட இல்லை, புதன்கிழமை நாலு பத்திலிருந்து கணக்கு வைத்தாலே விபத்து நடந்தபோது பதினாலரை மணி நேரம்.

கம்பெனியின் பதில், இவர்கள் தொழிலாளர்கள் இல்லை, டிரிப் பங்குதாரர்கள். அந்தச் சட்டத்தின் வரையறையை உட்கார்ந்து படித்தேன். நேரடியாகவோ ஏஜென்சி மூலமாகவோ, கூலிக்கோ கூலியில்லாமலோ அமர்த்தப்பட்டவர் என்றே இருக்கிறது. டிரைவர், கிளீனரோடு டிப்போ கிளார்க், நேரம் குறிப்பவர் என்றெல்லாம் பட்டியல் போகிறது. நேரம் குறிப்பவர் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன், அது நான்.

ஜூலை மாத நோட்டை அவரோடு உட்கார்ந்து கூட்டினோம். ஓட்டியது 118 மணி நேரம். ஏற்றி இறக்கியது 71. சும்மா காத்திருந்தது 102. முதல் எண்ணுக்கு மட்டும்தான் என் ஷீட்டில் கட்டம் இருந்தது. அவர் கூட்டுத்தொகையைப் பார்த்துவிட்டு, "நேரம் உங்க கையிலன்னு சொன்னீங்களே தம்பி, கையில இருந்ததெல்லாம் இந்த நூத்திரண்டு மணிதான் போல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

அப்புறம் என்ன ஆனது

நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. செப்டம்பர் கடைசியில் டிரைவர்கள் உட்கார்ந்து பேசியபோது, பழைய மாதச் சம்பளத்துக்கே போய்விடலாம் என்று சிலர் சொல்ல, வேண்டாம் என்றவர்களில் டிரைவரண்ணனும் ஒருவர். ஆறு மணிக்கு வா, முடியும்போது போ என்பதில் இலை நாளுக்கு லீவு கேட்டு நின்ற வருடங்களை அவர் மறக்கவில்லை. நேரம் மாறட்டும், நடுவில் இரண்டு ஆணி அடியுங்கள் என்றார். ஒரு டிரிப் முடிந்து அடுத்ததற்குள் ஒன்பது மணி நேரம் இல்லையென்றால் அந்த நம்பரை நான் ஏற்கக் கூடாது, அவரே கெஞ்சினாலும். வண்டிக்கு இரண்டே டிரைவர், கேபினில் ஒரு நோட்டு, பிரேக், டயர், ஆயில் எழுதிக் கையெழுத்துப் போடாமல் சாவி கைமாறக் கூடாது. மற்றவர்கள் சேர்த்தது, விடியக்காலை ரூட் எடுத்தவருக்கு ரிட்டர்ன் லோடு கிடையாது, லோடோடு இறங்கும் வண்டிக்குக் கிளீனர் வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் மணிக்கு எண்பது ரூபாய்.

முதல் இரண்டையும் கம்பெனி ஒத்துக்கொண்டது, செலவில்லாதவை. ரிட்டர்ன் லோடை விடியக்காலை ஆட்களுக்கு நிறுத்தினார்கள். காத்திருப்புப் பணம் "பார்க்கலாம்" என்றார்கள், பார்க்கவில்லை. கிளீனர் பேச்சே எடுக்கவில்லை. காத்திருப்புக்குக் காசு கொடுத்திருந்தால் கடைக்காரர்களிடம் பேசி இறக்கும் நேரத்தை முறைப்படுத்த கம்பெனிக்கே அவசரம் வந்திருக்கும் என்று இன்னும் நினைக்கிறேன். இலவசமாகக் கிடைக்கிற மனித நேரத்தை யார் மிச்சம் பிடிப்பார்கள்?

ஒன்பது மணி நேர விதி போட்ட முதல் வாரம் எனக்கு நரகம். குரூப்பில் நம்பர் போட்டவரிடம் "அண்ணே, உங்களுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் பாக்கி இருக்குது, முடியாதுங்க" என்று சொன்னால், "எம்பட தூக்கத்துக்கு நீங்க என்னங்க கணக்கு வெக்கறது" என்று சண்டை. ஒருவருக்கு அன்றைக்கு ஸ்கூல் பீஸ் கட்ட வேண்டியிருந்தது. அவருக்கு நான் சொன்ன காரணம் எதுவும் அந்த பீஸைக் கட்டாது என்பது எனக்கும் தெரியும்.

ஷீட்டில் நான் கட்டங்களை மாற்றினேன், யாரையும் கேட்கவில்லை: குடோனுக்கு வந்தது, கிளம்பியது, நின்றது, ஏற்றியது, இறக்கியது, ஓட்டியது, கடைசியாகத் தூங்கி எழுந்தது. கடைசிக் கட்டத்தைப் பார்த்து மேனேஜர் சிரித்தார், ஆனால் அடிக்கச் சொல்லவில்லை. டிரைவரண்ணனை அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் பதிந்து கொடுத்தேன், இருபத்திரண்டு வருடத்தில் யாரும் அவருக்கு அதைச் சொல்லியிருக்கவில்லை.

அக்டோபர் நடுவில் அவர் திரும்ப வந்தார், காலை எட்டு மணி ரூட்டுகளுக்கு மட்டும். வண்டி நோட்டின் முதல் பக்கம் அவர் கையெழுத்துதான்: "இடது பின் சக்கரம் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. வலது பக்கம் டைட் வைக்கணும்." பாடி வேலைக்கு ஆன செலவில் பதினெட்டாயிரத்தை அவர் கணக்கில் மாதம் ஆயிரத்தைந்நூறாகப் பிடித்தார்கள். நான் அங்கிருந்து விலகியபோது ஏழு தவணை பாக்கி இருந்தது.